மண்ணுக்கும் தண்ணீருக்கும் அடியில் லைன் தேடுவது எப்படி? சிக்கலான வேலைகளுக்கான முழு வழிகாட்டி

நான் சென்னையில் மண்ணுக்கடியில் போகும் கேபிள், பைப் எல்லாவற்றையும் (எங்கள் பேச்சில் எல்லாமே ‘லைன்’தான்) தேடி அடையாளம் போட்டுக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஜேசிபி இறங்குவதற்கு முன்னால், கையில் நீளமான ஒரு கருவியோடு ரோட்டோரம் மெதுவாக நடந்துபோகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலைதான். பல நாட்களில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படி முடியாத வேலைகளும் வரும்: உலோகமே இல்லாத பிளாஸ்டிக் பைப், ஆற்றுக்கடியில் பத்து மீட்டர் ஆழத்தில் துளை போட்டு இழுத்த கேபிள், கழிமுகத்தில் உப்புத் தண்ணீருக்கடியில் கிடக்கும் குழாய், ஒரே பள்ளத்தில் ஆறு கேபிள் கிடக்க அதில் வெட்ட வேண்டியது எது என்ற கேள்வி. அந்த வேலைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவேன். கருவிக்கு லைன் தெரியாது. லைனில் ஓடும் மின்னோட்டம் தன்னைச் சுற்றி உண்டாக்கும் காந்தப்புலம்தான் தெரியும். அந்த மின்னோட்டம் பக்கத்தில் கிடக்கும் வேறொரு இரும்புக்குத் தாவிவிட்டால், அதையும் அதே தெளிவோடு காட்டும்.

இதை நான் கற்றுக்கொண்டது புரசைவாக்கம் பக்கம் ஒரு சந்தில். மின்கேபிள்கள் பிரியும் பில்லர் பாக்ஸுக்குப் பக்கத்தில், சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரைத் தரையில் வைத்து, 33 கிலோஹெர்ட்ஸில் சிக்னல் ஏற்றினேன். அதைப் பிடிக்கும் ரிசீவர் பிசிறில்லாமல் ஒரே கோட்டில் காட்டியது. பெயின்ட் அடித்தேன். கையால் தோண்டிப் பார்த்தால் நாலு அங்குல வார்ப்பிரும்புக் குழாய். மேலே துரு அடுக்கடுக்காக உரிந்து, உள்ளே மண் அடைத்துக் கிடந்தது. தோண்டியவர்களில் வயதான ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, “தம்பி, இது தண்ணி வராத பைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே மூடிட்டாங்க” என்றார். நான் தேடிய மின்கேபிள் அங்கிருந்து 70 சென்டிமீட்டர் தள்ளி, சுவரோரமாகப் போயிருந்தது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-ல் வந்தது. அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் குழாய் போட்ட ஊர் இது. புதுக் குழாய் போடும்போது பழையதை யாரும் வெளியே எடுப்பதில்லை. அங்கேயே விட்டுவிடுவார்கள். அந்தச் செத்த குழாய்கள்தான் நமக்கு முதல் எதிரி.

நடப்பதற்கு முன் விசாரியுங்கள்

வரைபடம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். என்னென்ன லைன் இருக்கலாம் என்று தெரிந்துகொள்ள அது உதவும். எங்கே இருக்கிறது என்பதற்கு அதை நம்ப வேண்டாம். தோண்டப்போகிறவர் மத்திய அரசின் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலியில் முன்கூட்டியே பதிவு செய்தால், அந்த இடத்தில் லைன் வைத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும். 2023 மார்ச் 22-ல் தொடங்கிய வசதி இது. பதிவு செய்யாமல் கூப்பிடுகிறவர்களிடம் நான் முதலில் அதைச் செய்யச் சொல்கிறேன்.

எவ்வளவு ஆழத்தில் தேட வேண்டும் என்று ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். மின்கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1255-ன்படி தாழ்வழுத்தக் கேபிள் 0.75 மீட்டர், 11 கே.வி. வரை 0.9 மீட்டர், 22, 33 கே.வி. 1.05 மீட்டர். பி.எஸ்.என்.எல். ஃபைபர் கேபிளுக்குச் சாதாரண மண்ணில் 1.65 மீட்டர் பள்ளம் என்பது வழக்கம். ஆனால் இவை எல்லாம் பதித்த நாளின் ஆழம். பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே புதுத் தார் போட்டு, வீட்டு வாசலை விட ரோடு உயர்ந்துபோன தெருக்கள் நம் ஊரில் எத்தனை! அங்கே கேபிள் விதியை விட ஆழத்தில் இருக்கும். நடைபாதைக்காகவோ மழைநீர் வடிகாலுக்காகவோ மண்ணை வெட்டி எடுத்த இடத்தில் அதே கேபிள் ஒரு சாணுக்குக் கீழேயே கிடக்கும்.

அப்புறம், ஆட்களிடம் பேசுங்கள். தண்ணீர் திறந்துவிடும் வால்வு ஊழியருக்கு எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று மனப்பாடம். லைன்மேனுக்கு எந்த பில்லரிலிருந்து எது போகிறது என்று தெரியும். பல வருஷமாக அதே முனையில் கடை வைத்திருக்கும் டீக்கடைக்காரர், எந்த வருஷம் எந்தப் பக்கம் தோண்டினார்கள் என்று கை காட்டுவார். தரையையும் பாருங்கள்: நீளவாக்கில் போன தார் ஒட்டு, லேசாக அமுங்கிய மண், பாதி புதைந்த வால்வு மூடி, கேபிள் அடையாளக் கல்.

மண்ணைப் படிப்பது

மண்ணுக்குள் அலையை அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் பார்க்கும் ரேடார் கருவியைக் கொண்டுபோவதா வேண்டாமா என்பதை மண்தான் தீர்மானிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் மணல். ரேடார் நன்றாக வேலை செய்யும், அடியில் உப்புநீர் மட்டம் வரும்வரை. தி. நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் எல்லாம் களிமண். அங்கே மழைக்காலத்தில் ரேடார் தள்ளினால் திரை முழுக்கச் சாம்பல்தான்.

ரேடார் அளப்பது ஆழத்தை இல்லை, அலை போய்த் திரும்ப எடுக்கும் நேரத்தை. அதை ஆழமாக்க, அந்த மண்ணில் அலையின் வேகம் தெரிய வேண்டும். அலை 20 நானோ வினாடியில் திரும்புகிறது என்று வையுங்கள். காய்ந்த மணலில் வேகம் நானோ வினாடிக்குச் சுமார் 15 செ.மீ.; ஆழம் 1.5 மீட்டர். ஈரக் களிமண்ணில் சுமார் 6 செ.மீ.; ஆழம் வெறும் 60 செ.மீ. ஒரே படம்தான், ஆனால் ஆழம் இரண்டரை மடங்கு மாறுகிறது. அதனால் எங்கே போனாலும், ஆழம் தெரிந்த ஏதாவது ஒன்றின் மேல், சேம்பருக்குள் கண்ணால் பார்க்க முடிகிற ஒரு பைப்பின் மேல், முதலில் ரேடாரை ஓட்டி வேகத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாமல் ஆழம் எழுதிக் கொடுப்பது தவறு என்றே நினைக்கிறேன்.

அடிப்படை நடை

எந்தச் சிக்கலான வேலையும் இங்கேதான் தொடங்கும். முதலில் டிரான்ஸ்மிட்டர் இல்லாமல் இடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு நடை. ரிசீவரை பவர் மோடில் வைத்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் ஓடும் கேபிள்கள் கேட்கும். ஆனால் லோடு இல்லாத கேபிளும், மூன்று பேஸும் சமமாக ஓடும் கேபிளும் மௌனமாகவே இருக்கும். சத்தம் வரவில்லை என்பதால் கேபிள் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். அடுத்து ரேடியோ மோடு. நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்காகக் கடற்படைகள் அனுப்பும் மிகத் தாழ்ந்த அலைவரிசைகளை நீளமான பைப்புகளும் கேபிள்களும் உள்வாங்கித் திரும்ப வெளியிடும்; ரிசீவர் அதைப் பிடிக்கும். அப்படி ஒரு நிலையம் நம் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்திலேயே இருக்கிறது, ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 18.2 கிலோஹெர்ட்ஸ் அதன் அலைவரிசைகளில் ஒன்று. கடலுக்கடியில் இருக்கும் கப்பலுக்கு அனுப்பும் அலை, தெருவில் நம் காலுக்கடியில் கிடக்கும் பைப்பையும் தொட்டுவிட்டுப் போகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

அதற்குப் பிறகு டிரான்ஸ்மிட்டர். முடிந்தவரை நேராக இணையுங்கள்: சிவப்பு ஒயர் வால்விலோ உலோகக் குழாயிலோ, கறுப்பு ஒயர் எர்த் கம்பியில். எர்த் கம்பியை லைனுக்குச் செங்குத்தாக, எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி அடியுங்கள். நடுவில் வேறு லைன் குறுக்கே போகக் கூடாது. போனால் சிக்னல் அதில் ஏறிவிடும். மண் காய்ந்திருந்தால் எர்த் கம்பியைச் சுற்றி ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், மின்னோட்டம் கண்ணெதிரே ஏறும். மின்சாரம் ஓடும் கேபிளில் ஒருபோதும் நேராக இணைக்காதீர்கள். அங்கே கேபிளைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் மட்டும், அதுவும் மின்வாரிய ஊழியர் கையால். தரையில் வைத்துச் சிக்னல் ஏற்றுவது கடைசி வழி. அப்போதும் டிரான்ஸ்மிட்டரிலிருந்து பத்து மீட்டராவது தள்ளிப்போன பிறகுதான் ரிசீவர் சொல்வதைக் கேளுங்கள். அதற்குள் கிடைப்பது காற்று வழியே நேராக வரும் சிக்னல்.

எந்த அலைவரிசை? தாழ்ந்தது தூரம் போகும், பக்கத்து லைனுக்கு எளிதில் தாவாது. உயர்ந்தது எளிதில் ஏறும், எளிதில் தாவும். எப்போதும் தாழ்ந்ததிலிருந்து தொடங்குங்கள். ஒரு விதிவிலக்கு டி.ஐ. (டக்டைல் அயர்ன்) என்னும் இரும்பு பைப். அதன் ஒவ்வொரு ஜாயிண்டிலும் ரப்பர் வளையம் இருப்பதால் தாழ்ந்த அலை அங்கேயே நின்றுவிடும். 33 அல்லது 65 கிலோஹெர்ட்ஸ் போட்டால் வளையத்தைத் தாண்டும்.

கோடு போடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு, தினமும் செய்யுங்கள். பீக் மோடில் சத்தம் உச்சமாகும் இடத்தையும், ‘நல்’ (null) மோடில் சத்தம் அடங்கும் இடத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் நல்லது. ஒரு சாண் தள்ளி விழுந்தால், பக்கத்து லைன் ஒன்று புலத்தைக் கோணலாக்குகிறது என்று அர்த்தம். அப்போது திரையில் வரும் ஆழத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். புரசைவாக்கத்தில் எர்த் அடித்து நேராக இணைக்க வழி தேடாமல் தரையில் வைத்தேன். இந்தச் சோதனையையும் செய்யவில்லை.

ஆழத்தைக் கையால் சரிபார்க்க 45 டிகிரி முறை போதும். நல் மோடில் ரிசீவரை 45 டிகிரி சாய்த்து, லைனுக்குச் செங்குத்தாக விலகிப் போங்கள். சத்தம் அடங்கும் இடத்துக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் ஆழம். இரண்டு பக்கமும் செய்யுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போக வேண்டும்.

பிளாஸ்டிக் பைப்

பி.வி.சி., எச்.டி.பி.இ. பைப்பில் மின்னோட்டம் ஓடாது. மேலே பதித்த எச்சரிக்கை நாடாவிலோ கூடவே இழுத்த ஒயரிலோ உலோகம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் சோண்டுதான் நல்ல வழி. சோண்டு என்பது விரல் பருமனில் பேட்டரி வைத்த சிறு டிரான்ஸ்மிட்டர். வளையும் கம்பியின் நுனியில் மாட்டி பைப்புக்குள் தள்ள வேண்டும். இரும்புக் குழாய் என்றால் 512 ஹெர்ட்ஸ், பிளாஸ்டிக் என்றால் 33 கிலோஹெர்ட்ஸ். சோண்டு இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஒரு உச்சம், அதற்கு முன்னும் பின்னும் சத்தம் அடங்கும் இரண்டு இடங்கள், அவற்றையும் தாண்டிப் போலியாக இரண்டு சின்ன உச்சங்கள். போலி உச்சத்தில் பெயின்ட் அடித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சத்தம் அடங்கும் இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தை 0.7-ஆல் பெருக்கினால் ஆழம். 2 மீட்டர் என்றால் 1.4 மீட்டர்.

பாதாளச் சாக்கடையில் சோண்டு விடும்போது மேலே நின்றே கம்பியைத் தள்ளுங்கள். “அண்ணே, அஞ்சு நிமிஷம்தான், இறங்கி எடுத்துட்டு வந்துர்றேன்” என்று ஒரு பையன் சொல்வான். விடாதீர்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்க 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு சோண்டுக்காக ஓர் உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

ஆற்றுக்கடியில் துளை போட்டு இழுத்த லைன்

எச்.டி.டி. (பள்ளம் தோண்டாமல் கிடைவாக்கில் துளை போடும் முறை) போட்டு இழுத்த லைன் கரையில் ஒரு மீட்டரில் தொடங்கி நடு ஆற்றில் பத்து மீட்டருக்கும் கீழே போகும். இங்கே ரிசீவரின் ஆழக் கணக்கு ஏன் சறுக்குகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ரிசீவருக்குள் மேலும் கீழுமாக இரண்டு காயில்கள். நடுவில் சுமார் 40 செ.மீ. இரண்டுக்கும் சிக்னலில் உள்ள வித்தியாசத்திலிருந்துதான் ஆழம் வருகிறது. லைன் ஒரு மீட்டரில் இருந்தால் இரண்டு சிக்னலின் விகிதம் 1.4. பத்து மீட்டரில் இருந்தால் 1.04. அந்த நாலு சதவிகிதத்தில் பக்கத்துப் பாலத்தின் கம்பி கொஞ்சம் குறுக்கிட்டாலே ஆழம் மீட்டர் கணக்கில் தவறிவிடும். இங்கே 45 டிகிரி முறைதான் கைகொடுக்கும். பத்து மீட்டர் விலகி நடக்கக் கரையில் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

சோண்டையும் இங்கே நம்பி இறங்க வேண்டாம். நீளமான லைனின் புலம் தூரத்துக்கு ஏற்ற அளவில்தான் குறையும். பத்து மடங்கு ஆழம் என்றால் பத்தில் ஒரு பங்கு. சோண்டின் புலம் கன மடங்கில் குறையும். ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே உலோகம் இருந்தால் பெரிய டிரான்ஸ்மிட்டர், நேரான இணைப்பு, தாழ்ந்த அலைவரிசை, எதிர்க்கரையில் நல்ல எர்த். உலோகமே இல்லாத காலி டக்ட் (கேபிள் இழுப்பதற்கான குழாய்) என்றால், உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பாதையைத் தானே பதிவு செய்யும் கைரோ கருவி இருக்கிறது. வாடகை அதிகம். ஆனால் அந்த ஆழத்தில் அதற்கு ஈடு வேறு இல்லை.

தண்ணீருக்கடியில்

நன்னீர் ஏரி, குளம் என்றால் பயப்பட வேண்டாம். ரப்பர் படகில் ரேடாரை வைத்து இழுத்தாலே தரையும் பைப்பும் தெரியும். தண்ணீரில் அலை நானோ வினாடிக்கு 3.3 செ.மீ.தான் போகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். உப்புத் தண்ணீரில் ரேடார் வேலைக்கே ஆகாது. சாதாரண லொகேட்டர் அலைக்கும் அங்கே கஷ்டம். கடல்நீரில் 33 கிலோஹெர்ட்ஸ் அலை சுமார் 1.4 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு அந்தத் தூரம் சுமார் 2.8 மீட்டர், 512 ஹெர்ட்ஸுக்கு 11 மீட்டர். ஆகவே கழிமுகம், பக்கிங்காம் கால்வாயின் உப்பேறிய பகுதி போன்ற இடங்களில் 512-ஐ விட்டு மேலே போகாதீர்கள்.

எண்ணூர் பக்கம் ஒரு கழிமுகத்தில் பழைய இரும்புக் குழாயைத் தேடிய வேலை நினைவில் நிற்கிறது. இரு கரையிலும் கம்பம் நட்டு, ஒவ்வொரு மீட்டருக்கும் சிவப்புத் துணி கட்டிய நைலான் கயிறு இழுத்தோம். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஃபைபர் படகை நகர்த்தினோம். எஞ்சினின் இரும்பு குறுக்கிடாமல் இருக்க நான் முன் அணியத்தில், படகுக்காரர் துடுப்போடு பின்னால். நடுவில் சிக்னல் மங்கிப்போனது. கயிற்றின் பதினாலாவது துணியைத் தாண்டும்போது அவர், “சார், இங்கதான் எங்க வலை மாட்டும். அப்பா காலத்துலேர்ந்தே மாட்டுது” என்றார். நீர் வற்றும் நேரத்துக்குக் காத்திருந்து, நீளமான மூங்கிலின் நுனியில் கம்பி கட்டி அங்கே மெதுவாகக் குத்தினோம். சேற்றில் இறங்கிய கம்பி டொக்கென்று நின்றது. கையில் அந்த அதிர்வு இரும்பு என்று சொன்னது. இரு பக்கமும் அரை மீட்டர் தள்ளிக் குத்தினால் ஒன்றும் தட்டவில்லை. அன்றிலிருந்து தண்ணீர் வேலைக்குப் போனால் முதலில் மீனவர்களிடம் வலை மாட்டும் இடம் கேட்கிறேன். இப்படிக் குத்திப் பார்ப்பது கைவிட்ட குழாய்க்கு மட்டும். கேபிள், எரிவாயு, எண்ணெய்க் குழாய் என்றால் கூடவே கூடாது.

ஆழ்கடல் கேபிள் நம் கைக்கு வரும் வேலை இல்லை என்றாலும் அதன் முறை தெரிந்துகொள்ளத் தக்கது. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அந்தமான் நிக்கோபாரின் வேறு சில தீவுகளுக்கும் போகும் சுமார் 2,300 கிலோமீட்டர் ஃபைபர் கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல் பயன்பாட்டுக்கு வந்தது. தூத்துக்குடியிலிருந்து இலங்கையின் கல்கிசைக்குப் போட்ட பாரத் லங்கா இன்னொன்று. இப்படி ஒரு கேபிள் அறுந்தால் கரையிலிருந்து ஒளித்துடிப்பை விட்டு, அது திரும்பும் நேரத்தை அளக்கிறார்கள். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போகச் சுமார் 4.9 மைக்ரோ வினாடி. பழுது எத்தனையாவது கிலோமீட்டரில் என்று அதில் தெரிந்துவிடும். அங்கே போன பிறகு மண்ணில் புதைந்த கேபிளைக் கண்டுபிடிக்க, கேபிளின் செம்பில் 25 ஹெர்ட்ஸ் போன்ற மிகத் தாழ்ந்த சிக்னலை ஏற்றி, கடலடியில் இயங்கும் ரோபோவை வைத்துத் தேடுகிறார்கள். கடல்நீரில் 25 ஹெர்ட்ஸ் மூன்றில் ஒரு பங்காகச் சுமார் 50 மீட்டர் ஆகும். கழிமுகத்தில் நாம் 512-க்கு இறங்கியதும் இதே காரணத்துக்காகத்தான்.

வெட்ட வேண்டிய கேபிள் எது?

பள்ளத்தில் ஒரே நிறத்தில் ஆறு கேபிள். சிக்னல் ஆறிலும் கேட்கும், ஏனென்றால் போன மின்னோட்டம் மற்ற ஐந்தின் வழியாகத் திரும்பி வருகிறது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக கிளாம்ப் மாட்டி அளவையும் திசையையும் பாருங்கள். தேடும் கேபிளில் மின்னோட்டம் ஒரு திசையில், மற்றவற்றில் எதிர்த்திசையில், குறைவாக. ஆனாலும் அடையாளம் கண்டாயிற்று என்று ஹேக்ஸா எடுக்கக் கூடாது. தூரத்திலிருந்து இயக்கும் கருவியால் கேபிளில் ஆணி இறக்கி, மின்சாரம் இல்லை என்று உறுதியான பிறகே வெட்ட வேண்டும்.

கசிவைத் தேடும் ராத்திரி வேலை

இது காதுக்கான வேலை. வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு, இரவு இரண்டு மணிக்கு, கேட்கும் கம்பியை வால்வில் வைத்துக் கேட்டால் தண்ணீர் பீறிடும் இடம் ‘ஸ்ஸ்’ என்று பேசும். கோரிலேட்டர் இருந்தால் இரு வால்விலும் சென்சார் வைத்து, சத்தம் வந்துசேரும் நேர வித்தியாசத்தை அளக்கலாம். வால்வுகளுக்கு நடுவே 100 மீட்டர், வார்ப்பிரும்பில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,250 மீட்டர், நேர வித்தியாசம் 0.02 வினாடி என்றால்: 100-லிருந்து 25-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 37.5. முதலில் கேட்ட வால்விலிருந்து 37.5 மீட்டரில் கசிவு. அதே பைப் உண்மையில் பி.வி.சி. என்றால் வேகம் சுமார் 480 மீட்டர், விடை 45.2. பைப் எதனால் ஆனது என்று தவறாக நினைத்தால் ஏழரை மீட்டருக்கு மேல் தள்ளித் தோண்டுவோம். நடுவில் ஒரு துண்டு மட்டும் பிளாஸ்டிக்கால் மாற்றியிருந்தால் இரண்டுமே தவறு. வால்வு ஊழியரிடம் அதையும் கேளுங்கள்.

தோண்டிப் பார்ப்பதும் எழுதி வைப்பதும்

எல் வடிவக் கம்பியையோ தேங்காயையோ வைத்து லைன் பார்க்கலாம் என்று சொல்பவர்கள் எல்லா சைட்டிலும் உண்டு. நம்பிக்கை அவரவருடையது, ஆனால் 11 கே.வி. கேபிள் இருக்கும் இடத்தில் அதை நம்பி ஓர் ஆளைக் கடப்பாரையோடு இறக்க என் மனம் ஒப்பாது. கருவி சொன்னதையும் அப்படியே விடாதீர்கள். கோட்டுக்கு நேர் மேலே தோண்டாமல், அரை மீட்டர் தள்ளி மண்வெட்டியால் மெதுவாக இறங்கி, பக்கவாட்டில் நெருங்குங்கள். மணலோ செங்கல் வரிசையோ தெரிந்தால் கேபிள் பக்கத்தில் வந்துவிட்டது. அங்கிருந்து கை மட்டும்.

லைன் கண்ணில் பட்டதும் பள்ளத்தில் அளவுகோலை நிறுத்தி போட்டோ எடுங்கள். ஆழம், பைப்பின் வகை, விட்டம் எழுதுங்கள். ஜி.பி.எஸ். போதாது, பக்கத்தில் நகராத இரண்டு பொருட்களிலிருந்து, ஒரு சுவர் மூலை, ஒரு மேன்ஹோல் மூடி, டேப்பால் அளந்து எழுதுங்கள். ரோட்டின் மட்டம் மாறும் என்பதால் ஆழத்தை மேன்ஹோல் மூடியின் மட்டத்தோடு மட்டும் ஒப்பிடாமல், வீட்டு வாசற்படியோடும் ஒப்பிட்டு வையுங்கள். வளைவிலும் ஜாயிண்டிலும், பேட்டரி தேவைப்படாத அடையாளப் பந்து ஒன்றைப் பைப்புக்கு மேலே வைத்து மூடலாம். அதற்கான ரிசீவரைக் காட்டினால் பல வருஷம் கழித்தும் பதில் சொல்லும். எண்ணூர்க் குழாய் கரையேறும் வளைவில், முட்டளவு சேற்றைத் தோண்டி, இரண்டு பந்து வைத்து மூடிவிட்டு வந்தோம்.